எடுக்காமல் விட்ட சிரிப்பு

அங்கிள்,

இன்று காலை பன் வாங்கப் போன இடத்தில், பேக்கரி டிவியில் நீங்கள் மறுபடியும் செத்தீர்கள். மூன்று குண்டு, ஓர் உருளல், கண் திறந்தபடி ஒரு சாவு. கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சாய்லி பிடு" என்றார். சாகட்டும் விடு என்று கன்னடத்தில் வாழ்த்தினார். நான் உங்கள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன், அசைகிறதா என்று. அசையவில்லை. "மூச்ச வயித்துல விட்டா கேமரா புடிச்சிடும்மா, முதுகுல விடணும்" என்று ஒருநாள் தொழில் ரகசியத்தை உளறியிருந்தீர்கள்.

உங்கள் சாவு எதையும் நான் நம்புவதில்லை. ஐஸ் பெட்டியில் படுத்திருந்தபோதும் அப்படித்தான். எங்கள் பெங்களூர் விவேக் நகர்க்காரர்கள் வரிசையாக வந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் மட்டும் கண்ணாடியில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து உங்கள் சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

நமக்குள் சந்தேகம் முதல் நாளே ஆரம்பித்தது. எதிர்வீட்டு மாடிக்கு நீங்களும் ஸ்டெல்லா ஆண்ட்டியும் குடிவந்தபோது எனக்குப் பதினான்கு வயது. சாமான் இறக்கிய ஆளிடம் "மெதுவா" என்றீர்கள். அவன் பீரோவை அப்படியே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். காய்கறி வண்டிக்காரர் உங்களுக்கு மட்டும் தராசை இரண்டு தடவை காட்டுவார். பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட் காலியாகவே போகும். நான் ஒரு நோட்டில் உங்கள் நடமாட்டத்தைக் குறித்துவைத்தேன். காலையில் கறுப்புப் பையோடு வெளியே போகிறார். திரும்பும்போது பை கனமாக இருக்கிறது. உள்ளே இருந்தது கீரை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

ஏமாற்றத்தில், உங்கள் பழைய படம் ஒன்றை பிரிண்ட் எடுத்து, மேலே 'தேடப்படும் குற்றவாளி' என்று எழுதி உங்கள் கேட்டிலேயே ஒட்டினேன். சாயங்காலம் எங்கள் கதவைத் தட்டினீர்கள்.

"யாரும்மா இத ஒட்டினது?" அதே சினிமாக் குரல்.

என்னைக் காட்டிக்கொடுக்க அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"போட்டோ பழசு. இப்ப இவ்ளோ முடி ஏது? வேற ஒட்டு."

அன்றிலிருந்து நீங்கள் வில்லன், நான் வில்லங்கம். பெயரை மறந்த மாதிரி கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

முப்பது வருஷமாக ஒரே வேலை உங்களுக்கு. சென்னையில் நடித்தால் பெங்களூர் ரவுடி, இங்கே நடித்தால் தமிழ் ரவுடி. "ரெண்டு பக்கமும் நான் வெளியூர்க்காரன்தான்மா. அடி மட்டும்தான் உள்ளூர் அடி" என்பீர்கள். ஸ்டண்ட் ஆளாக இருந்தபோது கதாநாயகன் மேல் விழவேண்டிய கண்ணாடி உங்கள் மேல் விழுந்ததாம். நெற்றித் தழும்பைப் பார்த்து ஒரு டைரக்டர் வசனம் கொடுத்தாராம். நம்பலாமா என்று நான் யோசிப்பதற்குள் சமையலறையிலிருந்து ஆண்ட்டி குரல் கொடுத்தார்: "அது சைக்கிள்ல விழுந்தது."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் விளையாடமாட்டீர்கள். சாகிற காட்சியை எடுத்து முடித்ததும், செத்தவர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் எடுப்பார்கள், படத்தில் வராது. சிரிக்காமல் வீட்டுக்குப் போனால் ஆகாது என்பது சினிமாக்காரர்கள் வழக்கம்.

ஒருநாள் என் இன்ஸ்டா ரீலுக்காக மாடிப்படியில் நீங்கள் செத்துக்கொடுத்தீர்கள். பிரமாதமான சாவு. பால் பாக்கெட் போட வந்த அக்கா "அய்யோ ஏசுவே!" என்று அலறியது போனஸ். பிறகு எழுந்து உட்கார்ந்து லுங்கியைத் தட்டிவிட்டு, "சிரிக்கிற ஷாட் எடு" என்றீர்கள்.

"அதெல்லாம் சும்மா அங்கிள்."

"எடு, வில்லங்கம்."

போனைத் தூக்கிப் பிடித்தேன். பட்டனை அழுத்தவில்லை. ஊரையே பயமுறுத்திய ஆளை ஏமாற்றுகிறோம் என்று ஒரு குஷி. நீங்கள் சிரித்தீர்கள். "கட், ஓகே!" என்றேன். ஒருநாள் சொல்லிக் கலாய்க்கலாம் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

அதிலிருந்து பதினோராம் நாள் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பவில்லை.

டாக்டர் ரத்தக்குழாய் என்றார். அம்மா சிகரெட் என்றாள். எனக்கு நான் அழுத்தாத அந்தப் பட்டன்மேல் சந்தேகம். பி.யூ.சி.யில் அறிவியல் படிக்கிறவள்தான் நான். ஆனாலும் ரெக்கார்டு நோட்டில் இதயம் வரையும்போது பென்சில் நின்றுபோகிறது.

போன வாரம் ஆண்ட்டி என்னை வாசலில் நிறுத்தினார். "உன் போன்ல அவரு சிரிச்சதையும் எடுத்தியாமே? சொன்னாரு. அத எனக்கு அனுப்பேன்மா. வீட்ல இருக்கிற போட்டோ எல்லாத்துலயும் முறைச்சிக்கிட்டே இருக்காரு. கல்யாணப் போட்டோல கூட."

தெரிந்துதான் கேட்கிறாரோ என்று அவர் முகத்தைத் துழாவினேன். இத்தனை வருஷம் ஒரு வில்லனோடு குடித்தனம் நடத்தியவர் முகத்தில் என்ன தெரியும்? "தேடி அனுப்பறேன் ஆண்ட்டி" என்றேன். அதன்பிறகு அவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் என் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இன்று பேக்கரியிலிருந்து நேராக உங்கள் வீட்டுப் படியேறினேன்.

"எடுக்கவே இல்ல ஆண்ட்டி. எடுக்கிற மாதிரி ஆக்டிங் குடுத்தேன்."

"விளையாடாத."

"நெஜமா."

"நீ என்னிக்கு நெஜம் பேசியிருக்கே? போனைக் குடு."

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். நீங்கள் படியில் சாவதை இரண்டு தடவை பார்த்தார். அதற்கு அடுத்தது தெருநாய் கொட்டாவி விடுகிற வீடியோ. மறுபடி முதலிலிருந்து தேடினார். உங்களை நம்பாத தெரு மாதிரி, என்னை நம்பாமல் தேடினார்.

"என்னாலதான் ஆச்சா, ஆண்ட்டி?" கேட்டுவிட்டேன்.

அவர் தேடுவதை நிறுத்தினார். போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நான் ஒரு மாசமா கத்தினேன். அவரு கேக்கல. அதுக்கும் நீதான் காரணமா?" என்றார். கோபமாகத்தான் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எப்படிச் சிரிச்சாரு?" என்று கேட்டார்.

சொல்லத் தெரியவில்லை, அங்கிள். அதனால் செய்து காட்டினேன். தரையில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்க.

ஆண்ட்டி சந்தேகமாகப் பார்த்தார். "அப்படி இல்ல. எடது கண்ணு மட்டும் மூடிக்கும். மூக்கு லேசா சுருங்கும். திரும்பச் செய்."

செய்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தனியாக இடது கண்ணை மூட வரவில்லை. இதை எழுதிக்கொண்டே பழகுகிறேன்.