இரண்டாம் மாதத்துச் சளி

என் வள்ளிக்கு,

நேற்றும் சட்டை முழுக்க மல்லாட்டைத் தூசியும் கடலைத் தோலுமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நிறுத்தி உதறிவிட நீ இல்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷமாக இப்படித்தான்.

உன்னிடம் மறைக்க முடியாது. நம் செல்விக்கும் டிபி வந்துவிட்டது. விழுப்புரத்துக்கு வேலைக்குப் போய்வருகிறவள், பஸ் காற்றுதான் சேரவில்லை என்றாள். நான் கேட்கவில்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆனதும், மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி சளி கேட்டார்கள்.

உன்னிடமும் இதே இரண்டாவது மாதம்தான் கேட்டார்கள். ஞாபகம் இருக்கிறதா?

அன்று திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மலையாகக் குவிந்திருந்தது. சரக்கு எடுக்கப் போகும் அவசரத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் நீ சளி டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "இத்தினி ஆம்பளைங்க நிக்கிறாங்க, எப்பிடிங்க காறித் துப்புவேன்?" என்றாய். ஓரமாகப் போய் நுரையைத் துப்பிக்கொண்டு வந்தாய். லேப் அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, இது வெறும் எச்சில். காலைல எழுந்ததும் நெஞ்சுல இருந்து இருமி எடுத்தாரச் சொல்லுங்க."

"இருக்கறத வெச்சிப் பாரும்மா. இன்னொரு வாட்டி வர்றதுன்னா பேஜாரு."

பேரத்தில் நான் தோற்றவன் இல்லையே. அந்த அம்மா மறுத்துப் பார்த்தார், நான் விடவில்லை. கிருமி இல்லை என்று ரிசல்ட் வந்தது. கடைத் தராசில் உன்னை ஏற்றினேன். மூன்று கிலோ கூடியிருந்தாய். மூட்டை மாதிரி நிறுத்துப் பார்க்கிறேன் என்று சிரித்தாய். பிறகு இருமல் திரும்பி வந்தபோது, கொடுத்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கவில்லை என்று தெரிய ரொம்ப நாள் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த எச்சிலால்தானா என்று நான் டாக்டரைக் கேட்கவே இல்லை. கேட்டு என்ன செய்ய?

வள்ளி, மூட்டையின் மேலே கிடக்கும் மல்லாட்டையைப் பார்த்து நான் ஒருநாளும் விலை சொன்னவன் இல்லை. குத்தூசியை நடுமூட்டைவரை இறக்கி, உள்ளே இருப்பதை எடுத்து உடைத்துப் பார்த்துத்தான் வாய் திறப்பேன். உன் விஷயத்தில் மட்டும் மேலே இருந்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செல்வியும் உன்னைப் போலத்தான், கூச்சக்காரி. அதனால் சளி கொடுக்க வேண்டிய அன்று விடிந்ததும் மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனேன். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்கினு நில்லுப்பா" என்றாள். நின்றேன். முக்கினாள், ஒன்றும் வரவில்லை. நானே முதலில் அடித்தொண்டையிலிருந்து காறினேன். எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பு உன்னுடையது. அதிலேயே இருமல் கிளம்பி, நெஞ்சின் அடியிலிருந்து சளி வந்தது.

அதே லேப் அம்மாதான். டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். "சரியா எடுத்தாந்திருக்கீங்கண்ணே" என்றார். அந்த ஒரு வார்த்தையை உனக்காகக் கேட்க, இன்னொரு காலை எழுந்து வந்திருந்தால் போதும். வரவில்லையே நான்.

நேற்று ரிசல்ட் வந்தது. கிருமி இல்லை. இந்த முறை நம்பலாம். செல்விக்கு இப்போதே துணிச்சல் வந்துவிட்டது. "வெயிட்டும் ஏறிடிச்சி, இருமலும் இல்ல. இன்னும் எதுக்குப்பா டெஸ்ட்டு?" என்கிறாள். தராசில் ஏறி நின்று காட்டவும் செய்தாள். நான் முள்ளைப் பார்க்கவில்லை.

மாத்திரை முடியும் மாதம் இன்னொரு தடவை சளி கொடுக்க வேண்டும். கமிட்டியில் எவ்வளவு சரக்கு வந்து நின்றாலும் நிற்கட்டும். அன்று விடிகாலையில் நான் மாடியில் திரும்பி நின்றுகொண்டிருப்பேன். எச்சில் என்று சொன்னால் மறுநாளும் நிற்பேன்.

அவசரப்பட்ட உன் வீட்டுக்காரன்,
செல்வியின் அப்பா