எட்டில் செவ்வாய்

தை 4, திங்கள். லவுத்தோக்கா.
மழை. கூரைத் தகரத்தில் ஆயிரம் யானைகள் கூத்து. அக்கா மகள் ரங்கத்துக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். வாங்க வேண்டியது: பாக்கு, கற்பூரம், மஞ்சள் கயிறு.

மாப்பிள்ளைக்கு வட்டுகோலா தங்கச் சுரங்கத்தில் வேலை. வயது நாற்பத்தைந்து, மனைவியை இழந்தவர், செவ்வாய் தோஷக்காரர். ரங்கத்துக்கும் எட்டாம் வீட்டில் செவ்வாய். தோஷத்துக்குத் தோஷம்தான் சேரும். போன வருஷம் வுனிமோனோ ஊரிலிருந்து வந்த வரன் அந்த எட்டைக் கேட்டதும் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனது. ஜாதகம் கணித்தது யார்? பசிபிக் மகாசமுத்திரத்தின் ஒரே ஜோதிடச் சக்கரவர்த்தி. அடியேன்.

செவ்வாய்.
வெயில். மதராசிலிருந்து தமிழர் சங்கப் பள்ளிக்கு வந்திருக்கும், ஜோதிடம் தெரிந்த வாத்தியாரிடம் ஜாதகத்தை நீட்டினேன், மூர்ச்சையாகிப் புகழ்வார் என்று.

"பிறந்த நேரத்துல ஏன் ஆறரை மணி குறைச்சீங்க?"

"பஞ்சாங்கம் மதராசுது. இந்தியா நேரத்துக்கு மாத்துனேன்."

"கிரகத்துக்கு அது சரி. லக்கினத்துக்கு? பிள்ளை பிறந்தப்போ இந்த ஊர்க் கிழக்குல எந்த ராசி உதிச்சுதோ, அதானய்யா முதல் வீடு. நீங்க மதராஸ் வானத்தைப் போட்டுட்டீங்களே."

வீட்டில் மறுபடி கணித்தேன். லக்கினம் மேஷம் இல்லை, கடகம். விருச்சிகத்துச் செவ்வாய் நகரவில்லை. மேஷத்திலிருந்து எண்ணினால் எட்டு. கடகத்திலிருந்து எண்ணினால் ஐந்து. நாலு தடவை எண்ணினேன். தோஷமே கிடையாது.

புதன்.
அக்கா மாவு இடித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். உலக்கை நின்றது.

"வாயத் தெறக்காத தம்பி. பந்தல் போட்டாச்சு. உன்னயப் பாத்து ஊரே சிரிக்கும்."

ஊர் சிரித்தால் என் பிழைப்பு என்னாவது? இத்தீவில் நான் ஜாதகம் எழுதாத தொட்டில் உண்டா?

கதவோரம் ரங்கம். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"மாமா, பந்தல்ல எல்லார் முன்னாலயும் சொல்லுவீங்களா? நான் சொன்னா கேக்க மாட்டாங்க. உங்க வாயால வந்தாத்தான் நிறுத்துவாங்க."

"சொல்றேம்மா." சிம்மம்போல் கர்ஜித்தேன்.

வியாழன்.
தூறல். ஒன்றுமில்லை.

வெள்ளி.
வானம் மூட்டம். மாப்பிள்ளை வீட்டார் "ஜோசியரய்யா, இப்படி வாங்க" என்று நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரங்கம் தலை நிமிர்ந்து என்னையே பார்த்தாள். எழுந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"ஐயாவுக்குத் தண்ணி கொடுங்கப்பா" என்றார் யாரோ.

குடித்தேன். உட்கார்ந்தேன். கெட்டிமேளம்.

ஆசீர்வாதத்துக்கு இருவரும் வந்தார்கள். அவர் குனிந்தார். அவள் குனியவில்லை.

"நீங்க நல்லா இருக்கணும் மாமா" என்றாள்.

அட்சதை போட்டேன்.