தோள் முந்துது சார்

பெங்களூர்
11.8.1982

அன்புள்ள தங்கப்பொண்ணுக்கு,

நான் சுகமா இருக்கேன். நீயும் பிள்ளையும் எப்படி இருக்கீங்க? அய்யாவுக்கு இருமல் குறைஞ்சிருச்சா?

எனக்குக் காலில் சின்னக் காயம். பயப்படாதே, நடக்கிறேன். நான் மட்டைப் பை தூக்குற கோல்ஃப் கிளப்பில் தமிழ் முதலாளி ஒருத்தர் அடிக்கிற பந்தெல்லாம் வலப்பக்கமே வளைஞ்சு போச்சு. மட்டையை இறக்கும்போது அவர் தோள் முந்திக்குது. மட்டை வெளிப்பக்கமாச் சுத்தி வந்து பந்தைக் குறுக்கே வெட்டுது. பதினொரு வருசமாப் பாக்குற எனக்குத் தெரியாதா? "சார், தோள் முந்துது. முதல்ல வலது முழங்கையை விலாவோட ஒட்டி இறக்குங்க"ன்னேன்.

"பை தூக்குறவன் நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"ன்னு மட்டையை விட்டெறிஞ்சார். என் முழங்காலுக்குக் கீழே பட்டுச்சு.

அடுத்த பந்தை நான் சொன்ன மாதிரியே அடிச்சார். நேராப் போச்சு. கூட வந்தவங்க கை தட்டினாங்க. "நானே கண்டுபிடிச்சேன்"னு சிரிக்கிறார்! பையைப் புல்லில் இறக்கி வச்சேன். "கண்டுபிடிச்ச நீங்களே இதையும் தூக்கிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டு நடந்துட்டேன்.

கிளப்பில் ரெண்டு வாரம் வேலைக்கு வரக்கூடாதுன்னுட்டாங்க. மன்னிப்புக் கேட்டா நாளைக்கே சேத்துக்குவாங்களாம். எம்புட்டு நாளானாலும் கேக்க மாட்டேன்.

சிம்மக்கல் பக்கம் போனா நீயும் பிள்ளையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. நாலு வரியாவது பதில் போடு. தபால்காரர் பெட்டியைத் திறக்குறார், நிறுத்துறேன். கோபமா எழுதிட்டேன்னு நினைக்காதே. இங்கே இதைச் சொல்ல எனக்கு ஒரு ஆளில்ல.

மொக்கைச்சாமி