மலைக்குள் புகுந்து வந்த விமானம்

அக்கா,

இன்று காலை கம்ப்யூட்டர் மேசையைத் துடைத்தபோது ஜாய்ஸ்டிக்கின் பிடியில் தைல வாசம் அடித்தது. மூட்டு வலிக்குத் தேய்த்த கையைக் கழுவாமலேயே விமானம் ஓட்டுவீர்கள். எத்தனை முறை சொன்னாலும் கேட்டதில்லை. பிடியைத் துடைக்காமல் துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

பதினொரு வருடம் குவைத்தில் வீட்டுவேலை செய்தீர்கள். எத்தனையோ முறை விமானத்தில் போய் வந்தும் ஜன்னல் வழியே எதையும் பார்த்ததில்லை என்றீர்கள். "போறப்ப அழுதுக்கிட்டே போனேன். வர்றப்ப அசந்து தூங்கிட்டேன்டா." அதனால்தான், வயிற்றில் புற்றுநோயோடு நீங்கள் றக்வான தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கே திரும்பி வந்தபோது, என் கம்ப்யூட்டரில் இருந்த விமானம் ஓட்டும் விளையாட்டைக் காட்டினேன்.

பெரிய ஊர்களின் நீண்ட ஓடுபாதைகள் உங்களுக்குப் பிடிக்கவில்லை. பூட்டானில் உள்ள பாரோ விமான நிலையம்தான் வேண்டும். பள்ளத்தாக்குக்குள் வளைந்து வளைந்து வரவேண்டும். கடைசி மலையைச் சுற்றித் திரும்பிய பிறகுதான் ஓடுபாதை கண்ணில் படும். அதற்குள் வேகமும் உயரமும் குறைந்திருக்க வேண்டும். "நம்ம பஸ் ரோட்டு மாதிரியே இருக்குடா" என்று சிரித்தீர்கள். மூன்று வாரம் அந்தக் கடைசி மலையில்தான் மோதிக்கொண்டிருந்தீர்கள்.

அப்புறம் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். உங்களுக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, இனி வலியைக் குறைக்கத்தான் மருந்து என்றார். நீங்கள் கேட்டபோது, "ஒண்ணும் இல்லக்கா, மருந்த மாத்தினா சரியாயிரும்னாரு" என்றேன். திரும்பும் பஸ்ஸில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

மறுநாள் உங்களைச் சந்தோஷப்படுத்த ஒரு காரியம் செய்தேன். மோதினாலும் விமானம் நொறுங்காதபடி செட்டிங்கை மாற்றிவைத்தேன். அன்றும் நீங்கள் விமானத்தைத் திருப்பியது தாமதம்தான். விமானம் மலைக்குள் புகுந்தது, ஒரு கீறலும் இல்லாமல் அந்தப் பக்கம் வந்தது, ஓடுபாதையில் இறங்கி நின்றது. நான் கைதட்டினேன். நீங்கள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"என்னடா பண்ணி வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லக்கா."

"நேத்தும் இதையேதான் சொன்ன." குரலை உயர்த்தவே இல்லை நீங்கள். "மோதினா மோதிட்டேன்னு சொல்லு, தாங்கிக்குவேன். நீ மூஞ்ச மறைச்சுக்கிட்டு நடக்கிறதத்தான் தாங்க முடியல. டாக்டர் என்ன சொன்னாரு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதது நான்தான். நீங்கள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில், "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். இத பழையபடி மாத்திவை" என்றீர்கள்.

அதன்பிறகு உங்கள் கை நிதானப்பட்டது. சரிவராது என்று தோன்றினால் பிடிவாதம் பிடிக்காமல் விமானத்தை மேலே ஏற்றி, சுற்றிக்கொண்டு மறுபடி வரப் பழகினீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலையை ஒட்டித் திரும்பி, கொஞ்சம் குலுங்கி, பாரோவில் இறங்கியே விட்டீர்கள். அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். "எறங்கியாச்சும்மா! இந்தத் தடவ எல்லாத்தையும் பாத்துக்கிட்டே எறங்கினேன்." அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் உங்கள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார். அந்த ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன மாதம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் சொன்ன சிங்களம் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. வெளியே வந்ததும், "என்னடா சொன்னாரு?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று வாய்வரை வந்துவிட்டது, அக்கா. அம்மாவைப் பெஞ்சில் உட்காரவைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இடது கண்ணுல போன பார்வ திரும்பி வராதாம்மா. மத்தக் கண்ண மருந்து போட்டுக் காப்பாத்தலாமாம்."

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வா, அந்த மருந்த எங்க குடுக்கிறாங்கன்னு பாப்போம்."