புஷ்பம் கேட்ட பெக்கோ

செப்டெம்பர் 11, வியாழன்

கச்சான் காற்று இன்னும் விடவில்லை. காலையில் வளவு முழுக்கப் பனையோலை. கூட்டி முடிப்பதற்குள் திரும்பவும் விழுகிறது.

புஷ்பத்தை முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வலது தோள். டொக்டர் கையைத் தூக்கச் சொன்னார். காது வரைக்கும்கூட வரவில்லை.

"என்ன வேலை செய்யிறனீங்கள் அம்மா?"

"வீட்டிலதான் ஐயா."

வீட்டிலதானாம். நான்தான் வாயைத் திறந்தேன். ரெண்டு ஏக்கர் வளவு, தென்னை, கத்தரி, மிளகாய், ஆடுகள். எல்லாவற்றுக்கும் இவளுடைய மண்வெட்டிதான். எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நான் பாரம் தூக்குவதில்லை. புருசன் என் பங்கும் அவள் தோளில். டொக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மண்வெட்டியும் வேண்டாம், கடகத்தில் எருச் சுமப்பதும் வேண்டாம் என்று அவளுக்குச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பினோம். கடலுக்கு நடுவே தாம்போதிப் பாதையில் போகும்போது தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: "இஞ்சருங்கோ, எனக்கொரு பெக்கோ வேணும்."

"பேக்கோ? பசார்ல இறங்கி வாங்குவம்" என்றேன்.

முன் சீற்றில் இருந்த பெடியன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பெக்கோவாம். மண் தோண்டும் மெசின்.

செப்டெம்பர் 12, வெள்ளி

சூடை மீன் மலிவு. நெஞ்சு மாத்திரை முடிகிறது, எடுக்க வேண்டும்.

பஸ்ஸில் வந்த யோசனை இல்லையாம் அது. முருங்கன் சந்தியில் ராசன் என்பவரோடு ஏற்கெனவே போனில் கதைத்து வைத்திருக்கிறாள். ஜப்பானில் பாவித்த சின்ன ட்ரக்டர்களை எடுத்துத் திருத்தி விற்கிறவர். ஒன்று நிற்கிறதாம். முன்னுக்கு வாளி, பின்னுக்கு மடங்கி நீளும் ஒரு கை. வயலுக்கு விடும் பெரிய ட்ரக்டரில் பாதி உயரம்.

"வீட்டுக்காரருக்கெண்டே செய்த சாமானாம்" என்றாள்.

"ஜப்பான் வீட்டுக்காரருக்கு. தோட்டவெளி வீட்டுக்காரருக்கில்லை."

"மண் எல்லா இடமும் மண்தானே?"

இல்லையே! இங்கே கொஞ்சம் தோண்டினால் சீனி மாதிரிச் சரியும். இன்னும் தோண்டினால் தண்ணீர். அதற்கும் கீழே போனால் உவர். இதையெல்லாம் சொன்னேன். "உங்களுக்கு ஆர் சொன்னது, நான்தானே?" என்றாள். உண்மைதான். முப்பது வருசம் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவனுக்கு மண்ணைப் பற்றி வேறு யார் சொல்லியிருப்பார்கள்.

நான் மறிக்கும் உண்மையான காரணத்தை வாயால் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். அவளுடைய அண்ணன் அந்தோனி. பாப்பாமோட்டையில் குளக்கட்டால் வரும்போது ட்ரக்டர் பிரண்டு அதற்குக் கீழே போனவர். எங்கள் கலியாணத்துக்கு அடுத்த வருசம். அவள் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. நானும் கேட்டதில்லை. இப்போது அவளே ஒன்றின் மேல் ஏறி இருக்கப் போகிறாளாம்.

செப்டெம்பர் 13, சனி

வவுனியாவிலிருந்து மகள் போன். "அம்மாவுக்கு விசரோ அப்பா?" பிறகு தாயோடு கதைத்தாள். பிறகு என்னிடம்: "நல்ல யோசனைதானே அப்பா, நீங்கள் ஏன் மறிக்கிறீங்கள்?"

முருங்கனுக்குப் போனோம். சிவப்பு மெசின், பெயின்ற் புதிது. ராசன் நாற்பது வயது மனிதர், நேர்மையாகத்தான் கதைக்கிறார். "அக்கா, குறையையும் சொல்லுறன்" என்று தொடங்கி, பெரிய பனங்குற்றியை இது கிளப்பாது, முயன்றால் மெசின்தான் கிளம்பும் என்றார். பின்கையைக் கழற்றிப் பூட்ட ரெண்டு பேர் வேண்டும். பாரம்.

நான் குறித்துக்கொண்டு வந்தவை:
படலையால் உள்ளே வருமா? (ஒரு கட்டையைக் கழற்றினால் வரும்.)
எங்கே விடுவது? ஆட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில். ஆடுகள் என்ன சொல்லுமோ.
பழுதானால்? ராசன் வருவாராம். எல்லாரும் விற்கும் மட்டும் வருவார்கள்.
மழைக்கு முன் செய்ய வேண்டியது: தண்ணீர்ப் பைப்புக்கு வாய்க்கால், புது மலசலகூடத்துக் குழி, தென்னங்குழிகள்.
அதற்குப் பிறகு அந்தப் பின்கைக்கு என்ன வேலை?

கடைசிக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டேன். புஷ்பம் மெசினில் ஏறி இருந்து, இரண்டு லீவரையும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்துக் கனகாலம். மகள் பிறந்தபோது பார்த்தது.

கிழமைக்குள் கொண்டுவந்து விடுகிறேன், வேலை செய்து பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கோ என்றார் ராசன்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

லொறியில் வந்து இறங்கியது. ஒழுங்கையில் நின்ற கழுதைகள்கூட விலகி நின்று பார்த்தன. பக்கத்து வளவு பிலோமினா அக்கா வேலிக்கு மேலால் என்னைப் பார்த்து: "சீமான், உங்கட மனுசி என்ன றோட்டுப் போடப் போறாவோ?"

ராசன் காலை முழுக்கப் பழக்கினார். ட்ரக்டர் ஓடும்போது முன்னால் பார்த்து இருக்க வேண்டும். தோண்டும்போது சீற்றைத் திருப்பிப் பின்னால் பார்க்க வேண்டும். தோண்ட முன் இரண்டு பக்கமும் இரும்புக் கால்களை இறக்க வேண்டும். மணல் என்பதால் காலுக்குக் கீழே பலகை. பலகையை மறக்கக் கூடாது என்று மூன்று தரம் சொன்னார்.

புஷ்பத்தின் முதல் தோண்டல்: பாதி வாளி மண், அதையும் தன் தென்னம்பிள்ளைக்கு மேலேயே கொட்டினாள். பின்னேரம் கத்தரிப் பாத்தி ஓரமாக நேர் வாய்க்கால். நூல் பிடித்தது போல. வலது கைக்கு வேலை இல்லை, விரல் மட்டும் போதும். இறங்கி வந்து தோளைத் தடவிப் பார்த்தாள்.

"நோகேல்ல" என்றாள். சின்னப் பிள்ளை சொல்வது போல.

நான் வாழைகளுக்குப் பின்னால் நின்றேன். அங்கே நிழல்.

செப்டெம்பர் 17, புதன்

காற்று கொஞ்சம் குறைவு. பால் தேத்தண்ணீர், பாண். மாத்திரை எடுத்தாயிற்று.

வாய்க்கால் முடிந்தது. முடியும் தறுவாயில் பிலோமினா அக்காவின் தண்ணீர்ப் பைப்பை உடைத்தாள். பைப் எங்கள் பக்கத்தால் போகிறது என்று யாருக்குத் தெரியும். அக்கா வேலி முழுக்க நடந்து நடந்து ஏசினார். புஷ்பம் சேற்றில் முழங்காலில் இருந்து தானே பைப்பை ஒட்டினாள். பின்னேரம் அக்கா ஒரு தட்டில் பால்ரொட்டி கொண்டு வந்தார். "என்ர வளவிலயும் ஒரு குழி வெட்ட வேணும் புஷ்பம், எப்ப வசதி?"

தென்னங்குழிகள் ஒரு பின்னேரத்தில். போன வருசம் இதற்கு ஒரு கிழமை எடுத்தவள்.

நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். சந்தோசமாகத்தான்.

செப்டெம்பர் 18, வியாழன்

இன்று எழுத்து சரியில்லை.

மலசலகூடக் குழி, வளவின் தெற்கு மூலை. கால்களை இறக்கினாள். பலகையும் வைத்தாள், நான் பார்த்தேன். நாலைந்து வாளி அள்ளியிருப்பாள். இடது பக்கக் காலுக்குக் கீழே நிலம் மெதுவாக இறங்கியது. சத்தமே இல்லை. பலகையோடு, காலோடு, மெசின் சரிந்தது. அவள் அதன் மேலே.

ஓடினேன். நெஞ்சு, மாத்திரை ஒன்றும் நினைவில்லை.

"கிட்ட வராதீங்க! அங்கேயே நில்லுங்க!"

கோபத்திலும் பயத்திலும் மட்டும் அவளுக்குத் தாயின் மலைநாட்டுப் பேச்சு வரும். நின்றேன். அவள் வெளியே பாயவில்லை. லீவரைத் தள்ளிப் பின்கையைச் சரிந்த பக்கம் கொண்டுபோய், வாளியை நிலத்தில் அழுத்தி ஊன்றினாள். மெசின் ஒரு ஆள் முழங்கை ஊன்றுவது போல ஊன்றிக்கொண்டு நின்றது. எஞ்சினை நிறுத்தினாள். மேட்டுப் பக்கத்தால் இறங்கி நடந்து வந்தாள்.

என்னைக் கடந்து போய்க் கிணற்றடியில் குந்தினாள். "அண்ணே" என்றாள். நானும் பக்கத்தில் குந்தினேன்.

ராசன் ஆட்களோடு வந்து மெசினை இழுத்து எடுத்தார். கீழே உக்கிப்போன பனங்குற்றிகள். பங்கர். சண்டைக் காலத்தில் ஷெல்லுக்கு ஒளிக்க என் அப்புவும் தம்பியும் வெட்டியது. நான் அப்போது வவுனியாக் கந்தோரில். அது முருங்கை மரத்தடியில் என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன்.

செப்டெம்பர் 19, வெள்ளி

வெயில். அவள் எழும்பவில்லை. தோளில்லை, மனம். நான் கஞ்சி வைத்தேன். உப்புக் கூடிவிட்டது, குடித்தாள்.

இனி இந்தக் கதை முடிந்தது என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மெசின் கொட்டிலடியில் தார்ப்பாயால் மூடி நிற்கிறது. அவள் யன்னலால் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பத்து மணி போல பிலோமினா அக்காவைக் கூப்பிட்டேன். அந்த நாட்களில் இங்கேயே இருந்தவர் அவர். ஒரு வாளி சுண்ணாம்போடு வளவைச் சுற்றினோம்.

"இதில ஒரு பங்கர். அதுதான் நேற்று விழுந்தது. அந்தப் பனைக்குக் கீழ இன்னொண்டு, சின்னது."

"அது பழைய கக்கூசுக் குழியெல்லோ அக்கா?"

"கக்கூசு அங்கால. உமக்கென்ன தெரியும், நீர் வவுனியாவில கோட்டுப் போட்டுக்கொண்டு திரிஞ்சனீர்."

நான் கோட்டுப் போட்டதே இல்லை. இருந்தும் கேட்டுக்கொண்டேன். தூர்த்த கிணறு ஒன்று, கக்கூசுக் குழி, இரண்டு பங்கர். சந்தேகமான இடத்தில் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்தோம். எல்லாவற்றையும் சுற்றி வெள்ளைக் கோடு. மத்தியானம் பார்த்தால் வளவு பிள்ளைகள் விளையாடக் கீறி வைத்த மாதிரி.

புஷ்பம் வாசலுக்கு வந்து நின்றாள்.

"என்ன இது?"

"கோட்டுக்குள்ள போகாதையும். வெளியில எங்க வேணுமெண்டாலும் தோண்டும்."

பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய் மீன் வெட்டத் தொடங்கினாள். மத்தியானக் கறியில் புளி சரியாக இருந்தது.

செப்டெம்பர் 21, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம். வரும் வழியில், பனந்தோப்புக்குள் நடக்கும்போது சொன்னேன்: "வாங்குவம் புஷ்பம். பின்கையோட."

"பின்கை வேண்டாம்."

நின்றுவிட்டேன்.

"யோசிச்சுப் பாத்தனான். தோண்டுறது வருசத்தில ஒரு கிழமை. அதுக்கு ராசனைக் கூப்பிட்டால் கொண்டு வருவார். மிச்ச நாளெல்லாம் அந்தப் பாரத்தை வாலில கட்டிக்கொண்டு திரியிறதோ? எனக்குத் தோள் போனது மண்ணை வெட்டி இல்ல, சுமந்து. எரு, மணல், மட்டை, தண்ணி. அதுக்கு முன்வாளி ஒண்டே காணும்."

"அப்ப பயத்தில இல்லையோ?"

"பயமும்தான்." கொஞ்சம் நடந்தாள். "அண்ணன் விழேக்க பக்கத்தில ஒருத்தரும் இல்லை. பின்னேரம்தான் கண்டவை. நான் விழப் போகேக்க நீங்கள் ஓடி வந்தனீங்கள். நெஞ்சில கம்பியோட என்ன ஓட்டம் அது! இன்னொருக்கா உங்களை அப்பிடி ஓட வைக்க ஏலாது."

அவள் தொடர்ந்தாள்: "வாழைக்குப் பின்னால நிண்டு மூண்டு நாளும் செபமாலை சொன்னதும் தெரியும். நிழலுக்கு நிக்கிறாராம்."

பிலோமினா அக்கா பின்னால் வந்துகொண்டிருந்தார். அதனால் கையைப் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தேன்.

செப்டெம்பர் 22, திங்கள்

ராசனுக்குச் சொன்னோம். பின்கையைக் கழற்றி எடுத்துக்கொள்கிறார். "நல்ல முடிவு அக்கா, முதலே சொல்லியிருப்பன், விக்கிறவன் சொல்லக் கூடாதே" என்று சிரித்தார். பங்கரை அவருடைய ஆட்களே மண் போட்டு இறுக்கித் தருவார்கள்.

மகளுக்குச் சொன்னேன். "இப்ப ஆர் வெண்டது, நீங்களோ அம்மாவோ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

செப்டெம்பர் 25, வியாழன்

கச்சான் விட்டுவிட்டது போல. பனையோலை அசையவில்லை.

காலையில் புஷ்பம் கொட்டிலடி எரு முழுவதையும் முன்வாளியில் அள்ளிக் கத்தரிக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். ஒரு கடகம் கூடத் தூக்கவில்லை. இறங்கி வந்து, கையைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏறுங்கோ."

"நானோ? சைக்கிளுக்கு மேல ஒண்டும் ஓடினதில்லை."

"பாரம் தூக்கக் கூடாதெண்டுதானே டொக்டர் சொன்னவர். இருக்கக் கூடாதெண்டு சொல்லேல்லைத்தானே? ஏறுங்கோ."

ஏறினேன். உயரம். வேலிக்கு அங்கால் பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். புஷ்பம் நின்ற இடத்திலிருந்தே எட்டி, எல்லாவற்றிலும் மெதுவான கியரைப் போட்டுவிட்டாள்.

"இதை எப்பிடி நிப்பாட்டுறது புஷ்பம்?"

"முதல்ல வெளிக்கிடுங்கோ" என்றாள்.