நூறுன்னு வச்சுக்கோ

ஜூலை 13, ஞாயிறு

காலையிலேயே அனல். மல்லி மாடியில் காய்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நாள், வரவில்லை.

பதினொரு மணி வாக்கில் வாசலில் ஒரு பெண். சாயம் போன ஊதாச் சேலை, கையில் மஞ்சப்பை. முகம் பிடிபடவில்லை. ஜரீனா வீடு இதுதானா என்று கேட்டாள், குரலில் பிடித்துவிட்டேன். பேச்சியம்மாள். திருத்தங்கல் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். முப்பது வருடம் இருக்கும்.

வா பேச்சி என்றேன். நல்லா இருக்கீகளா என்றாள். அந்த மரியாதை சுருக்கென்றது.

விஸ்வநத்தத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறாள், பதினெட்டு வருடமாக. சூப்பர்வைசராகப் போட எட்டாவது சான்றிதழ் வேண்டுமாம். அடுத்த மாதம் தனித்தேர்வு. மற்ற பாடம் எல்லாம் தானே படித்துக்கொள்வாளாம். கணக்குக்கு மட்டும் ஆள் வேண்டும். அதிலும் சதவீதம்.

"நீங்க நல்லாப் படிச்சவுக. ஞாயித்துக்கிழமை மட்டும் சொல்லித் தந்தாப் போதும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது. அவள் போனபின் ஒரு வேலையும் ஓடவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை.

ஜூலை 16, புதன்

மேகம் மட்டும். மழை இல்லை.

பரணில் இருந்து மகளின் எட்டாவது கணக்குப் புத்தகம் இறக்கினேன். அவள் மதுரையில் காலேஜ். போனில் சொன்னேன், "உனக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தாள். அட்டையில் அவள் வரைந்த மீசை.

வேண்டியவை: கோடு போட்ட நோட்டு 2, பென்சில், ரப்பர். கோதுமை மாவு. அவருக்கு சுகர் மாத்திரை.

மத்தியானம் படுத்தபடி புத்தகத்தைப் புரட்டினேன். சதவீதப் பாடம். அந்தக் குறி, இரண்டு முட்டைக்கு நடுவில் ஒரு குச்சி. பேச்சிதான் அப்படிச் சொல்வாள். எங்கள் அத்தா பேப்பர் வெட்டும் கடை வைத்திருந்தார். காலண்டர் அடித்து மிஞ்சிய தாளைத் தைத்து எனக்கு ரஃப் நோட்டு. ஒரு பக்கம் பாதி மயில், பாதி ஜூன் மாதம். மறுபக்கம் வெள்ளை. பேச்சிக்கும் ஒன்று தைக்கச் சொல்லி வாங்கிப் போவேன். மழை நாளில் வகுப்பு முழுக்கப் பசை வாசனையும் மை வாசனையும். அவள் மயிலின் முதுகில் கணக்குப் போடுவாள், நான் பார்ப்பேன்.

எந்தக் கணக்கு வந்தாலும் அவளுக்கு ஒரே வழி. "நூறுன்னு வச்சுக்கோட்டி." அவ்வளவுதான், மிச்சம் தானாக வரும். எனக்கு வரவே வராது. டியூஷன் போனவள் நான்.

ஜூலை 20, ஞாயிறு

முதல் வகுப்பு. யார் யாருக்கு எடுத்தது என்று தெரியவில்லை.

ஒரு வகுப்பில் 40 பேர், 35 சதவீதம் பெண்கள், எத்தனை பெண்கள்? நான் புத்தகத்தைப் பார்த்து 35-ஐ மேலே எழுதி, கீழே 100 எழுதி, பெருக்கல் குறி போடுவதற்குள் பதினாலு என்றாள். எப்படி என்றேன். நூறு பேருக்கு முப்பத்தஞ்சு, பத்துப் பேருக்கு மூணரை, நாலு பத்துக்குப் பதினாலு. சொல்லும்போது விரல்கள் மடியில் தானாக அசைகின்றன, சரம் பின்னுவது மாதிரி. நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளி நிறம். சோப்புக்குப் போகாதாம்.

அவள் சிக்கல் வேறு. விடையை மட்டும் எழுதுகிறாள். வழி எழுதாவிட்டால் மார்க் இல்லை. அதைப் புரியவைக்க ஒரு மணி நேரம். மனசுக்குள்ள நடக்கிறதை எதுக்கு எழுதணும் என்கிறாள். மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும் வரை வாதம். ஆறு கணக்கு வழியோடு எழுதினாள். டீ குடித்தாள், தம்ளரைத் தானே கழுவி வைத்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. இன்னும் நீங்க, வாங்கதான்.

எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பு அரையாண்டு. ஒரு ஊரின் மக்கள்தொகை 20 சதவீதம் கூடி, அடுத்த வருடம் 20 சதவீதம் குறைந்தால் முன்பைவிடக் கூடுதலா, குறைவா? நான் சமம் என்று எழுதியிருந்தேன். பேச்சி தாளை எட்டிப் பார்த்தேன். நூறு, நூற்றிருபது, தொண்ணூற்றாறு. நாலு சதவீதம் குறைவு. அப்படியே எழுதினேன், அடித்தல் திருத்தல் உட்பட. இரண்டு தாளும் ஒன்றுபோல. டீச்சர் இருவரையும் நிறுத்தி, யார் பார்த்து எழுதியது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். டியூஷன் போகிற பிள்ளை, அத்தா கடைக்காரர். டீச்சர் தானே முடிவு செய்துகொண்டார். பேச்சிக்கு முட்டை. மூன்று நாள் வகுப்புக்கு வெளியே. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழுப் பரீட்சை முடிந்ததும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள்.

என்னால்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாள். அவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

ஜூலை 27, ஞாயிறு

புழுக்கம். இரண்டு தடவை கரண்ட் போனது.

இன்று தலைகீழ்க் கணக்கு. ஒரு எண்ணின் 15 சதவீதம் 45 என்றால் அந்த எண் என்ன? நானே விழித்தேன். அவள்: பதினஞ்சுக்கு நாப்பத்தஞ்சு, அப்ப ஒண்ணுக்கு மூணு, நூத்துக்கு முந்நூறு. வழியும் எழுதிவிட்டாள், அழகாக.

பக்கத்தைப் புரட்டினால் அடுத்த கணக்கு மக்கள்தொகை. கூடி, குறைந்து. எண்கள் வேறு, கணக்கு அதே. அவள் பென்சில் நின்றது. சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து எழுதியது நான்தான், வாயைத் திறக்கவில்லை, நீ நின்றது என்னால் என்று.

அவள் ரொம்ப நேரம் ரப்பர் தூளை ஊதிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"பார்த்து எழுதினது நீன்னு எனக்குத் தெரியாமலா இருந்துச்சு? என் தாளையில்லா பார்த்த. எங்கம்மாவுக்கு இழுப்பு வந்து படுத்துட்டா, அதுனால தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். ஆனா ஒண்ணு. அந்தப் பரீட்சைக்கு முன்னாடின்னா போகமாட்டேன்னு அழுது புரண்டிருப்பேன். அன்னைக்கு அழல. போதும்னு இருந்துச்சு."

கொஞ்சம் கழித்து, "நூத்துல எம்புட்டு உன்னால, எம்புட்டு எங்கம்மாவாலன்னு எனக்குப் போடத் தெரியல" என்றாள்.

மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். டீ குடிக்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கு பாதியில் நிற்கிறது. வாசல் தாண்டிய பிறகுதான் உறைத்தது: நீ என்று சொன்னாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வரவில்லை.

ஆட்டுக்கால் பாயா வைத்திருந்தேன், அவளுக்கும் சேர்த்து. அவர் மட்டும் சாப்பிட்டார். யாரை எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார். தலைவலி என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை வரும் போல இருட்டிவிட்டு வரவே இல்லை.

சாயங்காலம் பஸ் ஏறி விஸ்வநத்தம். அவருக்கு ஃபோனில் ஒரு வரி. கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்குகிற நேரம். ஸ்டாப் பக்கம் நின்றேன். மூன்றாவது வேனில் இறங்கினாள். தூக்குச்சட்டி, தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும் நடை நின்றது.

வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஒரே அறை, சுத்தம். புருஷன் கோயம்புத்தூரில் வேலை. தீபாவளி ஆர்டர், அதனால் ஞாயிறும் வேலை என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, கோவந்தான். ஒரு வாரம் கோவப்படக் கூடாதா? முப்பது வருசம் கழிச்சு சொல்லிட்டு உடனே டீ குடின்னா?"

படலாம் என்றேன். எவ்வளவு வேண்டுமானாலும்.

அப்புறம் நோட்டை எடுத்துப் போட்டாள். இருபத்திரண்டு கணக்கு, வழியோடு. சரிபார்த்தேன். ஒன்று தப்பு என்று வட்டம் போட்டேன். அவள் நூறிலிருந்து ஆரம்பித்து மெதுவாகச் சொன்னாள். தப்பு என்னுடையது. வட்டத்தை ரப்பரால் அழிக்கச் சொன்னாள், அழித்தேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டை மடித்திருந்தாள்.

பழைய டீச்சரைப் பற்றிப் பேசினோம். பள்ளிக்கூடத்து ஐஸ்காரர், மணி அடிக்கும் தண்டவாளத் துண்டு, வேப்பம்பழம் பொறுக்கித் தின்று நான் வாந்தி எடுத்தது. அவளுக்கு எல்லாம் ஞாபகம். நான் மறந்ததும் சேர்த்து.

கடைசி பஸ்ஸுக்கு முன் ஸ்டாப் வரை வந்தாள். ஞாயிறு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. "ஞாயித்துக்கிழமை லாபநட்டம் பார்ப்போம்" என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

நல்ல வெயில். கணக்குப் பரீட்சை.

விருதுநகர் சென்டர். காலையில் இருவரும் ஒரே பஸ். ஹால் டிக்கெட்டை ஏழெட்டுத் தடவை தொட்டுப் பார்த்தாள். ஒரு நாள் லீவுக்கு மேஸ்திரி முகம் சுளித்தாராம். கேட்டுக்குள் போனதும் திரும்பிப் பார்க்கவில்லை. எதிர்ச் சாரியில் ஜெராக்ஸ் கடை நிழலில் நான். கடைக்காரர் ஸ்டூல் கொடுத்தார். யாசீன் ஓதினேன். பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து.

வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலில் டீ வேண்டும் என்றாள். இரண்டு டீ குடித்தாள். பிறகு: வடிவியலில் இரண்டு தெரியவில்லை, விட்டுவிட்டாள். சதவீதம் நாலு கேள்வி. நாலும் முடித்துவிட்டு, வழியும் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொட்டாளாம். பாஸ் ஆகிவிடும் என்றாள், பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட் அவளுக்கு. பாதி வழியில் கேட்டாள், பத்தாவதுக்கும் இதேபோல எழுத முடியுமா, அதில் கணக்கு எப்படி இருக்கும், நீ எழுதினாயே என்று.

இன்னொரு தடவை தரையைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. நான் பத்தாவது ஃபெயில் பேச்சி, கணக்கில், அப்புறம் எழுதவே இல்லை என்று சொன்னேன். என்னை உற்றுப் பார்த்தாள். பின்னால் இருந்தவர்கள் திரும்பும் அளவுக்குச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர். திருத்தங்கல் தாண்டியும் நிற்கவில்லை.

"இவகிட்டயா நான் படிச்சேன்" என்றாள். இறங்கும்போது தோளில் ஒரு இடி. "அப்ப நீயும் எழுதுட்டி."

சரி என்றேன்.

இப்போது ஆறரை. அவர் கடையிலிருந்து வரும் நேரம். பெண் பார்க்க வந்தபோது பத்தாவது பாஸ் என்று அத்தா சொன்னதை இந்த மனிதர் இன்றுவரை நம்புகிறார். வண்டிச் சத்தம் கேட்கிறது. முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டு, பிறகு சொல்லிவிட வேண்டும்.