பெயரை நீக்கிய பின்னும் திறக்கும் பூட்டு

என் அருமை மகனுக்கு,

உடல்நலமும் தெளிந்த புத்தியும் தந்து கடவுள் உன்னைக் காக்கட்டும். நான் நலம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தொலைபேசியில் நீ பாதி வாக்கியத்திலேயே ஓடிவிடுகிறாய், ஆகவே கடிதம். இதை முழுவதும் படித்துத்தான் தீரவேண்டும்.

உன் கணினி நிரல் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்ததில் மகிழ்ச்சி. பெருமை என்று எழுதமாட்டேன். பார்வைக்குப் பழுதில்லாத நிரலில் வேண்டுமென்றே ஓட்டையை ஒளித்துவைப்பதும், அடுத்தவன் ஒளித்த ஓட்டை வழியே நுழைவதும் விளையாட்டு என்கிறாய். எங்கள் கன்னியர் மடத்துப் பள்ளியில் இதற்கு வேறு பெயர் உண்டு. முட்டிபோட்டு நிற்கவும் வைப்பார்கள்.

முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய அம்மா கண்ணுக்கே தப்பினால் நடுவர் கண்ணுக்கும் தப்பும் என்று, வரிக்கு வரி விளக்கத்தோடு அச்சடித்து அனுப்பினாய். இரண்டு இடத்தில் ஓரம் கோணல் என்று சிவப்பு மையில் குறித்து, வேறு பிழையில்லை என்று ஒப்பமிட்டேன். ஓட்டை ஏழாம் பக்கத்தில் இருந்தது என்று பிறகு நீ சொல்லித்தான் தெரியும். உன் நிரல் இயக்கும் மின்னணுக் கதவுப்பூட்டின் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கினால் பெயர் மட்டும் போகும், சாவி போகாது. எடுத்துக்காட்டாக நீ எழுதியிருந்த பெயர் உன் அப்பாவுடையது. அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. பெயரைக் கண்டதும் புரட்டிவிட்டேன். என் வாழ்நாளில் படிக்காமல் ஒப்பமிட்டது அது ஒன்றுதான்.

சோதித்துப் பார்க்க அதே நிரலை நம் வாசல் பூட்டிலும் ஏற்றிவிட்டுப் போனாய். மூன்று வாரமாக மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குப் பூட்டு திறக்கிறது. போய்ப் பார்த்தால் கதவு ஒரு கையகலம் திறந்திருக்கும். யாரும் இல்லை. சுவரில் இருக்கும் பூட்டுத் திரையின் பதிவில், பட்டியலிலிருந்து நாம் நீக்கிய உன் அப்பாவின் பெயர், உள்ளே என்று. மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு வெளியே என்று. ஓய்வுபெற்ற பிறகும் அலுவலகம் போவதுபோல் நூலகத்துக்குப் போய்வந்தாரே, அதே நேரங்கள். போட்டிக்காரன் எவனோ பழைய பதிவுகளைப் பார்த்துத் தொலைவிலிருந்து விளையாடுகிறான் என்றாய். அப்படித்தான் இருக்கவேண்டும்.

எதிர்வீட்டுக்குப் போன மாதம் ஒரு செவிலி குடிவந்திருக்கிறாள். உன் அப்பாவைக் கண்டதே இல்லை. படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உங்க வீட்டுக்காரர் டாண்ணு நாலு மணிக்கு வந்துடறாரும்மா. எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, எப்ப வரும்னு அதுக்கே தெரியாது" என்றாள். அவரைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். கதவு திறந்ததும் இரண்டு தடவை இருமுவது கேட்குமாம். அவருக்கு எப்போதும் அதுதான் பழக்கம் என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை.

மாதக் கடைசியில் பரிசளிப்பு முடிந்ததும் எல்லா நிரல்களையும் வெளியிடுவார்கள், பிறகு தெருவில் போகிறவன்கூட நம் வீட்டில் நுழையலாம், ஆகவே திருத்தத்தை ஏற்றியிருக்கிறேன், திரையில் "ஆம்" என்பதை அழுத்தினால் போதும் என்று மூன்று முறை எழுதிவிட்டாய். கிணற்றில் போட்ட கல்போல் அம்மா இருக்கிறாளே என்று கோபம் வேறு.

அழுத்தத்தான் போனேன், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. முந்தின நாள் மாலை உள்ளே என்ற பதிவு இருந்தது. வெளியே என்பது இல்லை. திரை கேட்டது: "இப்போது வீட்டுக்குள் இருவர். நீக்கப்பட்டவரின் சாவி நிரந்தரமாக அழிக்கப்படும். ஆம், இல்லை."

எல்லா அறைகளையும் பார்த்தேன். குளியலறை, துணி அலமாரி, உன் அறை. கட்டிலுக்கடியில் குனிய மட்டும் முழங்கால் விடவில்லை. அன்றிலிருந்து மாலையில் பூட்டு திறப்பதில்லை. வெளியே போனால்தானே திரும்பி வருவதற்கு.

உன் படிப்பின் கடைசிப் பரீட்சை நடந்த வாரம், ஆஸ்பத்திரியில் என் முன்னால் ஒரு தாளை வைத்தார்கள். உன் அப்பாவின் மூச்சு இயந்திரத்தை நிறுத்தச் சம்மதம் என்று. உனக்குச் சொல்லவேண்டாம் என்று நான்தான் முடிவுசெய்தேன். ஒவ்வொரு வரியும் படித்துக் கையெழுத்திட்டேன்.

இன்னொரு முறை என்னால் ஆகாது, கண்ணா. பரிசைத் தபாலிலும் அனுப்புவார்கள். நீ வா. வந்து உன் விரலால் அழுத்து. அதற்குமுன் உனக்கு அவரிடம் சொல்ல ஏதாவது இருந்தால் சொல். நான் அடுத்த அறையில் இருக்கிறேன்.

எங்கள் இருவருடைய ஆசியுடன்,
அம்மா